பயிற்சிக்குச் சொந்த வண்டியிலேயே போங்கள்

பல வருஷம் பைக் ஓட்டிய பிறகு மறுபடி பாதுகாப்புப் பயிற்சிக்குப் போகிறீர்களா? அங்கே கிடைக்கும் வாடகை வண்டியை எடுக்காமல், தினமும் ஓட்டும் வண்டியையே கொண்டு போங்கள். வாடகைக் காசு மிச்சம். அதைவிட முக்கியம், கற்றது கையில் நிற்கும்.

திடீர் பிரேக் யோசித்துப் பிடிப்பதில்லை, கைப்பழக்கத்தில் வருவது. 40 கி.மீ. வேகத்தில் ஒரே நொடியில் 11 மீட்டர் போய்விடுவோம். எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு பிடிக்கும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் சுழலாமல் நின்று வழுக்குவதைத் தடுக்கும் அமைப்பு) வேலை செய்யும்போது முன் லீவர் விரலுக்கடியில் துடிக்கும். பழகாதவர் பயந்து கையை எடுத்துவிடுவார். எடுக்கக் கூடாது, அழுத்தியபடியே இருக்க வேண்டும். 125 சிசி வரையுள்ள பல வண்டிகளில் இருப்பது காம்பி பிரேக். பின் பிரேக்கை மிதித்தாலே முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும். ஒன்றில் பழகியது இன்னொன்றில் அப்படியே கைகொடுக்காது. (இருபது வருஷமாகப் பின் பிரேக்கை மட்டுமே நம்பி ஓட்டுகிறவர்கள்தான் நம்மில் அதிகம் என்பது என் சந்தேகம்.)

டயர் வழுக்கையாக இருந்தால், மாற்றிய பிறகு போங்கள். பிரேக் பேட் நேற்றுத்தான் மாற்றியிருந்தால் சில நாள் ஓட்டிப் பழக்கிவிட்டுப் போவது நல்லது. மண் பாதைப் பயிற்சி என்றால் மட்டும் பயிற்சி மையத்தின் வாடகை வண்டியே மேல். அங்கே வண்டி சாய்வது சகஜம். ஒரு லீவரும் இண்டிகேட்டரும் உடைந்தால் மிச்சம் பிடித்த காசு மெக்கானிக்கிடம் போய்விடும்.