சிசிஎன்ஏ படிக்க எதை எடுக்குறது, எதை விடுறது

போன வாரம் கீழக்கரையிலருந்து ஒரு தம்பி போன் பண்ணான், அண்ணே மாமா துபாய்க்குக் கூப்பிடுறாங்க, சிசிஎன்ஏ (நெட்வொர்க் வேலைக்குப் போக சிஸ்கோ கம்பெனி நடத்துற பரீட்சை) முடிச்சுட்டு வான்னு சொல்றாங்க, எந்தப் புக்கு வாங்கட்டும்னு. கேட்டுப் பாத்தா அவன் போன்ல ஏற்கனவே 40 ஜிபிக்கு வீடியோ கெடக்கு, டெலிகிராம்ல வந்த பிடிஎஃப் ஒரு மூட்டை, ஒன்னையும் முழுசா பாக்கல. அவன்கிட்ட சொன்னதைத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதுறேன், ஏன்னா நானே இதுல மூணு மாசத்தை விட்டவன்.

நான் படிக்க ஆரம்பிச்சப்ப மண்டபத்துல எங்க தெரு அண்ணன் ஒருத்தர் அவர் படிச்ச புத்தகத்தைக் குடுத்தாரு, அட்டை போட்டுப் பத்திரமா வச்சிருந்தது, நல்ல மனசோடதான் குடுத்தாரு. நானும் ஈஐஜிஆர்பி (ரவுட்டருங்க ஒன்னுக்கொன்னு வழி சொல்லிக்கிற ஒரு முறை), பிபிபி (ரெண்டு ரவுட்டரை நேரா இணைக்கிற ஒரு முறை)ன்னு ராத்திரி ராத்திரியா உக்காந்து கான்ஃபிகர் பண்ணிப் பழகுனேன். அப்புறந்தான் தெரியுது அது 200-125ங்கற பழைய பரீட்சைக்கானது, 2020 பிப்ரவரியோட அதை நிறுத்திட்டாங்க, இப்ப நடக்கறது 200-301, அதுல ஈஐஜிஆர்பி கான்ஃபிகரேஷனும் இல்ல பிபிபியும் இல்ல. அந்த 200-301லயும் 2024 ஆகஸ்ட்ல 1.1ன்னு ஒரு மாத்தம் வந்துருக்கு. அதனால புக்கோ வீடியோவோ, கையில எடுத்தவுடனே பாக்க வேண்டியது எந்தப் பரீட்சை நம்பர், எந்த வெர்ஷன்ங்கறதைத்தான். அதுக்காகப் பழைய புக்கைத் தூக்கிப் போட்றாதீங்க, சப்நெட்டிங் (நெட்வொர்க்கைச் சின்னச் சின்னதா பிரிக்கிற கணக்கு), வீலான் (ஒரே ஸ்விட்ச்சைத் தனித்தனி நெட்வொர்க்கா பிரிக்கிறது), ஸ்பானிங் ட்ரீ (ஸ்விட்ச்சுங்களுக்குள்ள டேட்டா சுத்திச் சுத்தி வராம தடுக்குறது) எல்லாம் அப்படியேதான் இருக்கு, அந்த சாப்டர் மட்டும் படிக்கலாம்.

காசு குடுத்து எதையும் வாங்குறதுக்கு முன்னாடி சிஸ்கோ சைட்டுல எக்ஸாம் டாப்பிக்ஸ் லிஸ்ட்டை எறக்கிக்கோங்க, ஃப்ரீதான். சில பக்கந்தான் வரும், பிரிண்ட் எடுத்து செவுத்துல ஒட்டிருங்க. எந்தப் பகுதிக்கு எவ்வளவுன்னு அதுல போட்டிருக்கும்: ஐபி கனெக்டிவிட்டி 25 சதவீதம், நெட்வொர்க் ஃபண்டமென்டல்ஸ் 20, நெட்வொர்க் ஆக்சஸ் 20, செக்யூரிட்டி 15, ஐபி சர்வீசஸ் 10, ஆட்டோமேஷன் 10. இதுல எல்லாரும் சதவீதத்தைப் பாத்துட்டுப் போயிருவாங்க, நான் பாக்கச் சொல்றது ஒவ்வொரு வரியும் எந்த வார்த்தையில ஆரம்பிக்குதுங்கறதை. ஓஎஸ்பிஎஃப் (இதுவும் ரவுட்டருங்க வழி சொல்லிக்கிற முறைதான்) வரியில 'கான்ஃபிகர் அண்ட் வெரிஃபை'ன்னு போட்டிருக்கும், அப்படின்னா கைய வச்சு செஞ்சு பழகணும். ஃபர்ஸ்ட் ஹாப் ரிடண்டன்சி (ஒரு ரவுட்டர் போனா இன்னொன்னு அந்த வேலையை எடுத்துக்கிறது) வரியில 'டிஸ்க்ரைப்'னு இருக்கும், அதைப் படிச்சுப் புரிஞ்சுகிட்டாப் போதும். பச்சைப் பேனா, சிவப்புப் பேனா எடுத்து ரெண்டையும் பிரிச்சு வச்சுட்டீங்கன்னா எதுக்கு லேப் (செஞ்சு பாக்குற பயிற்சி) வேணும், எதுக்கு புக்கு போதும்னு உங்களுக்கே தெரிஞ்சு போகும்.

புக்குன்னா சிஸ்கோ பிரஸ்ஸோட ஆஃபீசியல் கைடு ரெண்டு வால்யூம், செகண்ட் எடிஷனா பாத்து வாங்குங்க. தடிமனா இருக்கும், வெலையும் கொஞ்சம் ஜாஸ்தி, ரெண்டு பேரு சேந்து வாங்கிப் படிக்கலாம். எந்தப் புக்கா இருந்தாலும் சப்நெட்டிங் பக்கத்தைப் பிரிச்சுப் பாருங்க. 192.168.10.77 ஸ்லாஷ் 26 எந்த நெட்வொர்க்ல இருக்குன்னா, ஸ்லாஷ் 26ன்னா ஒரு நெட்வொர்க்குக்கு 64 அட்ரஸ், அதனால கடைசி நம்பர் 64 64ஆ தாவி 0, 64, 128, 192ன்னு போகும், 77 விழுறது 64க்கும் 128க்கும் நடுவுல, அப்ப நெட்வொர்க் 64, பிராட்காஸ்ட் (எல்லாருக்கும் ஒரே நேரத்துல அனுப்புற அட்ரஸ்) 127, கம்ப்யூட்டருங்களுக்குக் குடுக்கக்கூடியது 65லருந்து 126 வரைக்கும், மொத்தம் 62. இப்படிப் படிப்படியா காட்டி, அடுத்து நீயே போடுன்னு பத்துக் கணக்காச்சும் குடுத்திருந்தா எடுங்க. பைனரி டேபிளை மட்டும் போட்டுட்டு அடுத்த தலைப்புக்குப் போயிருந்தா வச்சுட்டு வந்துருங்க.

வீடியோ ஒன்னே ஒன்னு போதும். ஜெரமிஸ் ஐடி லேப்னு யூடியூப்ல முழுக் கோர்ஸும் ஃப்ரீயா இருக்கு, நாள் கணக்குப் போட்டுப் பிரிச்சிருக்காரு, லேப் ஃபைலும் கூடவே உண்டு. என் தம்பி விசைப்படகுக்குப் போறவன், ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலத்துல படகு கரையில நிக்கும்ல, அப்ப ஆரம்பிச்சு நாளுக்கு ஒன்னுன்னு முக்காவாசி முடிச்சுட்டான். தமிழ் வீடியோவும் நெறைய இருக்கு, முதல்ல புரிய அதைப் பாக்கறது நல்லதுதான், ஆனா பரீட்சை தமிழ்ல கிடையாது, கேள்வியை இங்கிலீஷ்ல வேகமா படிக்கணும், அதுக்குப் பழக்கம் வேணும்.

எல்லாத்தையும் விட முக்கியம் லேப். இதை விட்டவங்கதான் அதிகமா ஃபெயிலாகுறதை நான் பாத்திருக்கேன். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில அக்கவுண்ட் போட்டா பாக்கெட் ட்ரேசர் (ரவுட்டர், ஸ்விட்ச்சை ஸ்க்ரீன்லயே போட்டுப் பழகுற சாஃப்ட்வேர்) ஃப்ரீ, சாதாரண லேப்டாப்லயே ஓடும், ஒரு தடவை எறக்கி லாகின் பண்ணிட்டா சிக்னல் இல்லாட்டியும் வேலை செய்யலாம், நம்ம பக்கம் அது பெரிய உதவி. ரெண்டு ரவுட்டரைப் போட்டு ஓஎஸ்பிஎஃப் ஓட விடுங்க, நெய்பர் ஃபுல்லுன்னு (ரெண்டும் முழுசா சேந்துருச்சுன்னு அர்த்தம்) வந்ததும் ஒரு பக்கம் மட்டும் ஹலோ டைமரை (எத்தனை செகண்டுக்கு ஒரு தடவை 'நான் இருக்கேன்'னு சொல்றதுங்கற கணக்கு) 10லருந்து 5ஆ மாத்திட்டு ஸ்க்ரீனையே பாத்துகிட்டு இருங்க. 40 செகண்டுக்குள்ள நெய்பர் டவுன்னு மெசேஜ் வந்து விழும். ஏன் விழுந்துச்சுன்னு நீங்களே தேடிக் கண்டுபிடிச்சுட்டா அது ஆயுசுக்கும் மறக்காது. இதே மாதிரி ஜிஎன்எஸ்3யும் நல்ல சாஃப்ட்வேர்தான், ஆனா சிஸ்கோ இமேஜ் (ரவுட்டருக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர் ஃபைல்) தனியா வேணும், இப்போதைக்கு அது தேவையில்ல.

டம்ப்ஸ் (பரீட்சையில வந்த கேள்வின்னு திருட்டுத்தனமா விக்கிற கேள்வி பதில்) வாங்காதீங்க தம்பிகளா, இதை நான் கெஞ்சிக் கேக்குறேன். பதில் பாதி தப்பா இருக்கும், சிஸ்கோ கண்டுபிடிச்சா சர்டிஃபிகேட்டையே ரத்து பண்ணிருவாங்க, பரீட்சைக் காசு 300 டாலர், நம்ம ரூபாய்க்கு 25 ஆயிரத்துக்கும் மேல, வீட்டுல நகையை வச்சுக் குடுத்த காசா இருக்கும்.

கடைசியா பிராக்டிஸ் டெஸ்ட். ஒவ்வொரு ஆப்ஷனும் ஏன் சரி, ஏன் தப்புன்னு வெளக்கம் குடுக்குறதா பாத்து எடுங்க. உண்மைப் பரீட்சை 120 நிமிஷம், ஒரு கேள்வியை முடிச்சு அடுத்ததுக்குப் போயிட்டா திரும்ப வர முடியாது, அதனால வீட்டுல எழுதும்போதும் போனைத் தூரமா வச்சுட்டு, பின்னால போகாம, ஒரே மூச்சுல எழுதுங்க. அப்படி ரெண்டு மூணு தடவை நல்ல மார்க் வந்த பெறகு மதுரை சென்டர்ல தேதி போட்டாப் போதும்.