வெடித்துப்போன உயிரெழுத்துகள்

ஐந்து வயது மகளுக்கு வீட்டிலேயே எழுத்துச் சொல்லித்தருகிறேன். மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், தண்ணீர் 1 கப் சேர்த்துப் பிசைந்து உயிரெழுத்துகளைச் செய்தோம். வெயிலில் வைத்தால் மறுநாளே வெடிப்பு. தண்ணீரைக் குறைத்தேன், உருட்டும்போதே விரிசல் விட்டது. எண்ணெய் சேர்த்தேன்; பயனில்லை. நான்கு நாள் வீண், மைதாவும்தான்.

உடைந்த 'ஈ'யைத் திருப்பியபோதுதான் புரிந்தது: மேலே காய்ந்த ஓடு, எவர்சில்வர் தட்டில் ஒட்டியிருந்த அடிப்பக்கம் இன்னும் ஈரம். மேற்பகுதி மட்டும் சுருங்கியதால் நடுவில் பிளந்திருக்கிறது.

அடுத்த முறை மெல்லியதாக உருட்டி, மாவுச் சல்லடையைக் கவிழ்த்து அதன்மேல் பரப்பி, நிழலில் வைத்தேன். காலையும் மாலையும் மகள் திருப்பிப் போட்டாள். நான்காம் நாள் பன்னிரண்டும் முழுதாகக் காய்ந்திருந்தன. 'ஔ' மட்டும் சற்றுக் கோணல். அது என் கைவண்ணம்.