கிளாட்டிராமர் ஊசியின் எரிச்சல் குறைந்த விதம்

மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ் என்ற நரம்பு மண்டல நோய்க்காக வாரம் 3 முறை நானே தோலுக்கடியில் போட்டுக்கொள்ளும் 40 மி.கி. கிளாட்டிராமர் அசிட்டேட் ஊசி, குத்தும்போது அதிகம் வலிக்காமல், சற்று நேரம் கழித்தே குளவி கொட்டியதுபோல் எரிந்து, அந்த இடத்தைச் சிவந்து தடிக்கச் செய்தது. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து 20 நிமிடம் வெளியே வைத்தும், வயிறு, தொடை, இடுப்பு என இடத்தை மாற்றியும் பயனில்லை. பனிக்கட்டி ஒத்தடமோ குத்தும் வலியை மட்டுமே மரக்கச் செய்தது.

ஊசிமுனையில் தொங்கும் துளியைப் பார்க்குமாறு செவிலியர் சொன்னார்: அது ஊசியின் வெளிப்புறத்தை நனைப்பதால், கொழுப்படுக்குக்குள் போக வேண்டிய மருந்து வழியிலேயே தோலில் பட்டுவிடுகிறது என்பது அவர் விளக்கம். துளியைத் துடைக்காமல் மெல்ல உதறிவிட்டு, ஸ்பிரிட் தடவிய இடம் நன்றாக உலர்ந்த பிறகே குத்தத் தொடங்கியதும் எரிச்சல் பாதிக்கும் கீழே இறங்கியது, பெரிய நிம்மதி. சிரிஞ்சுக்குள் தெரியும் சிறு காற்றுக்குமிழியை வெளியேற்றவே கூடாது, ஏனெனில் தண்டை அழுத்தினால் மருந்து வீணாவதுடன் ஊசியும் மறுபடி நனைந்துவிடும். தடிப்பு மட்டும் இன்னும் வருகிறது.