பழைய படைத்தள நிலத்தில் நச்சுக் குண்டு தென்பட்டால்

மதுரை விமான நிலையத்தை 1942இல் முதலில் பயன்படுத்தியது பிரிட்டிஷ் விமானப்படை. அங்கே நச்சுக் குண்டு புதைந்துள்ளது என்று இதற்குப் பொருள் அன்று; ஆயினும் எந்தப் பழைய இராணுவ நிலத்திலும் ஜேசிபி இறக்குபவர் முறையை அறிந்திருக்க வேண்டும்.

துருவேறிய உருளையோ குண்டோ தென்பட்ட உடனே எந்திரத்தை நிறுத்திவிட்டு, காற்று வரும் திசை நோக்கி விலக வேண்டும். ஆடி மாதத்தில் இங்கே மேல்காற்று அடிப்பதால் மேற்கே செல்வதே சரி. இத்தகைய குண்டுகளில் இருக்கக்கூடிய கடுகு வாயு என்ற நச்சின் ஆவி காற்றைவிடக் கனமானது; பள்ளத்தில் தேங்கும். ஆகவே குழியில் இறங்கிப் பார்ப்பது பெருந்தவறு. பிறகு 112ஐ அழைத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் சொல்ல வேண்டும். பழைய இரும்புக் கடைக்கு எடுத்துச் செல்லும் ஆசை எவருக்கும் வரக்கூடாது. வருவதுண்டு என்பதால் சொல்கிறேன்.

கடுகு வாயு என்று பெயர் இருந்தாலும் அது எண்ணெய் போன்ற திரவம். சுமார் 14 டிகிரி செல்சியஸுக்குக் கீழேதான் உறையும் என்பதால் நம் வெயிலில் திரவமாகவே இருந்து மெல்ல ஆவியாகும். பட்டவுடன் வலிக்காது, கொப்புளம் பல மணி நேரம் கழித்தே எழும். எனவே எரிச்சலுக்குக் காத்திராமல் உடையைக் களைந்து, சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, 108ஐ அழைக்க வேண்டும்.

அகற்றுவது வல்லுநர் வேலை. அவர்கள் எக்ஸ்ரே மூலம் உள்ளே திரவம் உள்ளதா என்று பார்த்து, காற்றுப் புகாத கலத்தில் அடைத்து, எரித்தோ வேதிவினையால் சிதைத்தோ அழிப்பார்கள். சுற்றியுள்ள மண்ணையும் சோதித்த பின்னரே நிலத்தை ஒப்படைப்பார்கள்.