பீனிக்ஸில் ஒரு குடும்பத்தோடு தங்கப் போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் படிக்கவோ வேலை பார்க்கவோ வரும் நம்மவர்களில் பலர், தனியாக அறை எடுப்பதைவிட இங்குள்ள ஒரு தமிழ்க் குடும்பத்தோடு தங்குவதையே விரும்புகிறார்கள். நகருக்கு வடக்கே பீனிக்ஸிலும் தெற்கே சாட்ஸ்வொர்த்திலும் வீட்டுக்குள்ளேயோ, பின்பக்கம் ‘அவுட்பில்டிங்’ என்று சொல்லப்படும் தனிக்கட்டிலோ இடம் கிடைக்கும். லைட்டும் தண்ணீரும் வாடகையில் அடக்கமா என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். குழாய் நிற்கும் நாட்களுக்கென்று ஒரு வாளித் தண்ணீரையும், விளக்கு அணையும் இரவுகளுக்கென்று ஒரு டார்ச்சையும் வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டில் பேசப்படுவது ஆங்கிலம்தான். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் வந்து இறங்கிய முதல் ஒப்பந்தக் கூலிகளுக்குப் பிறகு பல தலைமுறைகள் கடந்துவிட்டதால், தமிழ் பெரும்பாலும் பூசையறையிலும் அடுப்படியிலும் உறவுப் பெயர்களிலும்தான் தங்கியிருக்கிறது. அதற்காக அவர்களைத் திருத்தவோ பரிகசிக்கவோ நமக்கு உரிமையில்லை; புரட்டாசி விரதத்தையும் ஆடிக் கூழையும் தைப்பூசக் காவடியையும் நம்மில் பலரைவிட அவர்கள் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார்கள். புரட்டாசி மாதத்தில் வறுத்த கோழியைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழையாதீர்கள். பெரியவர்களை ஆன்ட்டி, அங்கிள் என்றே அழைக்கலாம்; ஆயா, தாத்தா என்று அழைக்கச் சொன்னால் அப்படியே அழையுங்கள். கவுண்டர், பிள்ளை, படையாச்சி, நாயுடு என்ற பெயர்களைக் கேட்டவுடன் சாதியை ஊகித்து, ‘நீங்கள் எந்தப் பக்கம்?’ என்று தொடங்கும் நம் ஊர் வழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட வேண்டும். இங்கே அவை குடும்பப் பெயர்கள். பலருக்கு முன்னோரின் ஊர்கூடத் தெரியாது.

இவையெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும். பழக நாளாவது, அந்த வீட்டைச் சுற்றியிருக்கும் அச்சமும் துக்கமும். 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டம் மக்களை நிறவாரியாகப் பிரித்துக் குடியேற்றியது. கேட்டோ மேனர் போன்ற இடங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் சாட்ஸ்வொர்த்துக்கும், 1970களின் நடுவிலிருந்து பீனிக்ஸுக்கும் வந்தது அப்படித்தான். 1985 ஆகஸ்டில் பக்கத்து இனாண்டாவில் கலவரம் வெடித்து, காந்தி அங்கே நிறுவிய ‘பீனிக்ஸ் குடியிருப்பு’ எரிந்தபோது அங்கிருந்த இந்தியக் குடும்பங்கள் வீடுவாசலை விட்டு ஓடின. 2021 ஜூலையில் முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமா சிறையில் அடைக்கப்பட்டதைத் தொடர்ந்து கொள்ளையும் தீவைப்பும் பரவியபோது, பீனிக்ஸ் தெருக்களில் ஆண்கள் தடுப்பு அமைத்துக் காவல் நின்றார்கள். அந்த நாட்களில் இங்கே 36 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள்.

ஆகவே நீங்கள் தங்கும் வீட்டில், போலீஸ் வராத அந்த இரவுகளில் உயிரைக் கையில் பிடித்திருந்ததாகச் சொல்லும் மகன் இருக்கலாம். அதே வீட்டைத் துடைக்க அமாவோட்டியிலிருந்தோ இனாண்டாவிலிருந்தோ வரும் கறுப்பினப் பெண்ணுக்குத் தெரிந்த ஒருவர், அந்தத் தடுப்புகளைத் தாண்ட முயன்று திரும்பாமலே போயிருக்கலாம். இருவரும் ஒரே அடுப்படியில் நின்று தேநீர் குடிப்பார்கள். அதைப் பற்றிப் பேசிக்கொள்ள மாட்டார்கள். நீங்களாக அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் இறுதிவரை கேளுங்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டாம், ‘எங்கள் ஊரிலும் இப்படித்தான்’ என்று இடையில் புகவும் வேண்டாம். ஈழத்திலிருந்து வருகிறவர்களுக்கு இந்த அடக்கம் எளிதில் வரும் என்பது என் எண்ணம்.

வீட்டாரின் அச்சத்தை மதிப்பது வேறு, அதை உங்கள் கருத்தாக்கிக்கொள்வது வேறு. இரவில் தனியாக நடக்காதே, கதவைப் பூட்டு, இந்த டாக்ஸியில் ஏறாதே என்றால் மறுபேச்சின்றிக் கேளுங்கள், தெருவை அறிந்தவர்கள் அவர்கள். ஆனால் கறுப்பினத்தவரைப் பற்றி மொத்தமாக ஏதேனும் சொல்லப்பட்டால் தலையாட்ட வேண்டியதில்லை. பேச்சை மாற்றினாலே புரிந்துகொள்வார்கள். வேலைக்கு வரும் பெண்ணை, வீட்டார் எப்படி அழைத்தாலும், நீங்கள் ஜூலு மொழியில் ‘சனிபோனானி’ என்று வணங்கி, பெயரைக் கேட்டு அந்தப் பெயராலேயே அழையுங்கள். மாலை வகுப்பில் கொஞ்சம் ஜூலு படித்தால் கடையிலும் டாக்ஸியிலும் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறும்.

தெருவின் வாட்ஸ்அப் குழுவில் உங்களையும் சேர்ப்பார்கள். தண்ணீர் நிற்பதும் திருட்டும் அதில்தான் முதலில் தெரியவரும். 2021இல் வதந்திகளும் அவ்வழியேதான் பறந்தன என்பதால், கண்ணால் காணாத எதையும் அதிலிருந்து வேறு எவருக்கும் அனுப்பாதீர்கள். மறுபடி பதற்றம் வந்தால் தெருமுனையில் கூடும் ஆண்களோடு போய் நிற்காமல் வீட்டுக்குள்ளேயே இருங்கள். போலீஸுக்கு 10111, கைபேசியிலிருந்து அவசரத்துக்கு 112. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் வந்த வாரத்திலேயே டர்பனிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் தங்கள் முகவரியைத் தெரிவிக்கலாம். இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குரிய தூதரகம் பிரிட்டோரியாவில் இருக்கிறது.