ஒரே ஒரு திறன்பேசி உள்ள வகுப்பறைக்கு ஏற்ற செயலிகள்

ஆசிரியர்களுக்குப் பயன்படும் செயலிகள் என்று இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களுள் பெரும்பாலானவை, ஒவ்வொரு மாணவரின் கையிலும் ஒரு கருவியும் தடையற்ற இணைய இணைப்பும் இருப்பதாகக் கருதிக்கொண்டு எழுதப்பட்டவை. தமிழ்நாட்டின் அரசுப் பள்ளி ஒன்றில் நாற்பது மாணவருக்கு நடுவே நிற்கும் ஆசிரியரிடம் இருப்பது பெரும்பாலும் அவருடைய சொந்தத் திறன்பேசி மட்டுமே. ஆகவே ஒரு செயலியை நிறுவுவதற்கு முன், அது ஆசிரியரின் ஒரே கருவியைக் கொண்டு இயங்குமா, வகுப்பு நடக்கும்போது இணையம் இல்லாவிட்டாலும் கைகொடுக்குமா என்ற இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது. கஹூட் போன்ற புகழ்பெற்ற வினாடி வினாச் செயலிகள் முதல் கேள்வியிலேயே விலகிவிடுகின்றன.

அந்த இடத்தை நிரப்பும் செயலி ப்ளிக்கர்ஸ். இதற்கு மாணவரிடம் தேவைப்படுவது அச்சிட்ட காகித அட்டை மட்டுமே. ப்ளிக்கர்ஸ் இணையதளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி, ஒரு வகுப்பை உருவாக்கி, மாணவர்களைப் பதிவு செய்தால் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை எண் கிடைக்கும். அட்டைகளை அங்கிருந்தே பதிவிறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். வழக்கமான தொகுப்பில் 40 அட்டைகளும், விரிவான தொகுப்பில் 63 அட்டைகளும் உள்ளன. அட்டையில் இருக்கும் கறுப்பு வெள்ளை வடிவத்தின் நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்ற எழுத்துகள் மிகச் சிறியதாக அச்சிடப்பட்டிருக்கும். தான் தேர்ந்த விடைக்குரிய எழுத்து மேலே வருமாறு மாணவர் அட்டையைத் திருப்பிப் பிடிக்க, ஆசிரியர் திறன்பேசியின் கேமராவை வகுப்பின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மெதுவாக நகர்த்தினால், யார் என்ன விடை சொன்னார் என்பது திரையில் பதிவாகிவிடும். ஒவ்வோர் அட்டையின் வடிவமும் வேறு என்பதால் பக்கத்து மாணவரைப் பார்த்துத் திருப்புவது எளிதன்று. ஓர் எச்சரிக்கை: அட்டைகள் கிழியாமல் இருக்கப் பளபளப்பான லேமினேஷன் செய்தால், ஜன்னல் வெளிச்சம் பட்டு எதிரொளித்து, கேமராவால் படிக்க முடியாமல் போகும். தடித்த காகிதத்தில் அச்சிட்டு அப்படியே பயன்படுத்துவது மேல்.

இந்தச் செயலியின் பயன் கேள்வியை அமைக்கும் விதத்தில்தான் இருக்கிறது. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொல்லும் கேள்விக்கு ஆறில் ஐந்து என்ற சரியான விடையோடு, ஐந்தில் இரண்டு, ஆறில் இரண்டு, ஆறில் ஒன்று ஆகியவற்றைத் தெரிவுகளாகத் தருவோம். ஐந்தில் இரண்டைக் காட்டும் மாணவர் தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டியிருக்கிறார். ஆறில் இரண்டைக் காட்டுபவர் பகுதிகளைப் பொதுவாக்கத் தெரிந்தும் தொகுதிகளை மாற்ற மறந்திருக்கிறார். ஆறில் ஒன்றைக் காட்டுபவர் பெருக்கியிருக்கிறார். இவ்வாறு ஒவ்வொரு தவறான தெரிவும் ஒரு குறிப்பிட்ட பிழையைச் சுட்டுமாறு அமைத்தால், அடுத்த பத்து நிமிடத்தில் எதை மீண்டும் கற்பிக்க வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும். கேள்வியைக் கரும்பலகையில் எழுதினாலே போதும்; திரைவீழ்த்தி கட்டாயமில்லை. விடைகளைப் பதிவதற்குச் சிறிதளவு இணையம் தேவைப்படும் என்பதால், சிக்னல் கிடைக்கும் இடமாகப் பார்த்து நிற்க வேண்டியிருக்கலாம்.

பாடப்பொருளைக் காட்டுவதற்கு 2017-இல் இந்திய அரசால் தொடங்கப்பட்ட தீக்‌ஷா தளமும், தமிழ்நாட்டின் மணற்கேணி செயலியும் உள்ளன. பாடநூலில் உள்ள விரைவுக் குறியீட்டை (கியூஆர் கோடு)த் தீக்‌ஷா செயலியால் வருடினால் அந்தப் பாடத்துக்குரிய காணொளி திறக்கும். மணற்கேணியில் 6 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்குரிய காணொளிப் பாடங்கள் கிடைக்கின்றன. வகுப்பில் நின்றுகொண்டு குறியீட்டை வருடிவிட்டுக் காத்திருப்பதைக் காட்டிலும், முந்தைய மாலையே வீட்டில் பதிவிறக்கி, முழுவதையும் ஒருமுறை பார்த்து, காட்டத் தகுந்த மூன்று நிமிடங்கள் எவை என்று குறித்துக்கொண்டு வருவதே முறை. முழுக் காணொளியையும் ஓடவிட்டால் பாதி வகுப்பு உறங்கிவிடும்.

அறிவியல் ஆசிரியர்கள் அவசியம் அறிய வேண்டியது ஃபைஃபாக்ஸ். ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய இந்த இலவசச் செயலி, திறன்பேசிக்குள் இருக்கும் உணரிகளையே ஆய்வகக் கருவிகளாக மாற்றுகிறது, இணையமும் தேவையில்லை. இதிலுள்ள ஒலியால் இயங்கும் நிறுத்துக் கடிகாரம் முதல் ஓசையில் தொடங்கி இரண்டாம் ஓசையில் நிற்கும். ஒரு பலூனில் சிறு கல்லைக் கட்டி, எவர்சில்வர் தட்டுக்குச் சரியாக ஒரு மீட்டர் மேலே கல் இருக்குமாறு பிடித்து, வகுப்பை அமைதிப்படுத்திவிட்டு, ஊசியால் பலூனைக் குத்துங்கள். பலூன் வெடிக்கும் ஓசைக்கும் கல் தட்டில் விழும் ஓசைக்கும் இடைப்பட்ட நேரம் ஏறத்தாழ 0.45 நொடியாக இருக்கும். உயரத்தின் இருமடங்கை அந்த நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 9.8-ஐ ஒட்டிய மதிப்பு கிடைப்பதை மாணவரே கணக்கிட்டுக் காண்பார். ஆய்வகத்தில் செய்ய இயலாதவற்றுக்கு, கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் பாவனையாக்கங்களை, அதாவது சோதனைகளைத் திரையில் செய்து பார்க்க உதவும் மாதிரிகளை, தனித்தனிக் கோப்புகளாகப் பதிவிறக்கி இணையமின்றித் திறக்கலாம். அவற்றுள் பல தமிழிலும் உள்ளன.

வகுப்புக்கு வெளியே ஆசிரியரின் நேரத்தைத் தின்பது எழுத்து வேலை. ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து, ஒலிவாங்கிப் பொத்தானை அழுத்திப் பேசினால் வினாத்தாளும் அறிக்கையும் விரைவில் தட்டச்சாகும். ஆனால் ஒற்று மிகுதல், நிறுத்தற்குறி, ரகர றகரம் ஆகியவற்றைத் தாமே சரிபார்க்காமல் எவருக்கும் அனுப்பக் கூடாது, தமிழாசிரியர் என்றால் சொல்லவே வேண்டாம். அச்சிட்ட பக்கத்திலிருந்து பத்தி ஒன்றை எடுக்க கூகுள் லென்ஸ் போதும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்கள் என்றால் ணை, லை, னை வரும் இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும். ஊதியச் சீட்டுக்குத் தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கான களஞ்சியம் செயலி, சான்றிதழ்களைக் கைவசம் வைத்துக்கொள்ள டிஜிலாக்கர். பெற்றோருக்கான வாட்ஸ்அப் குழுவில் நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்ற அமைப்பைத் தெரிவு செய்தால் காலை வணக்கம், இரவு வணக்கம் ஆகியவற்றுக்கு இடையே விடுமுறை அறிவிப்பு தொலைந்துபோகாது.

மாணவர் விவரங்களைப் பொறுத்தவரை கண்டிப்பு தேவை. 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. ப்ளிக்கர்ஸில் பெயருக்குப் பதிலாக வருகைப் பதிவேட்டின் வரிசை எண்ணை மட்டும் கொடுங்கள். யார் எந்த எண் என்பது உங்கள் குறிப்பேட்டில் இருந்தால் போதும். மதிப்பெண் பட்டியலின் புகைப்படத்தைப் பெற்றோர் குழுவில் பகிர வேண்டாம். கல்வியாண்டு முடிந்ததும் அந்த வகுப்பின் பதிவுகளைச் செயலியிலிருந்து நீக்கிவிட்டு, அட்டைகளை எண் வரிசையில் அடுக்கிக் கட்டி வைத்தால் ஜூனில் வரும் புதிய வகுப்புக்கு அவற்றையே பயன்படுத்தலாம்.