குன்னூர் மழையில் ஒரு தனிமைப் பாட்டு எழுதுவது எப்படி

கிதாரை அப்புறம் எடுக்கலாம். முதலில் சன்னலைத் திறந்து பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். குளிரும், பரவாயில்லை. காதில் விழுவதை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள்: தகரக் கூரையில் சொட்டும் தண்ணீர், பெட்போர்டு ஏற்றத்தில் கடைசிப் பேருந்து கியர் மாற்றும் சத்தம், பக்கத்து வீட்டு டிவி. நான் முதல் தடவை எழுதியபோது கன்ட்ரி மியூசிக் என்கிற அமெரிக்கக் கிராமத்துப் பாட்டுகளைக் கேட்ட மயக்கத்தில் விஸ்கி, டெக்ஸஸ் புழுதி என்று போட்டு வைத்தேன். "குன்னூர்ல ஏதுடா புழுதி, சேறுதானே இருக்கு" என்று நண்பன் ஒரே வரியில் முடித்துவிட்டான்.

கன்ட்ரி பாடகர் ஹேங்க் வில்லியம்ஸ் 1949-இல் பதிவு செய்த "ஐ'ம் ஸோ லோன்சம் ஐ குட் க்ரை" என்ற புகழ்பெற்ற தனிமைப் பாட்டைக் கேளுங்கள். ஒரு பறவை, நள்ளிரவு ரயில், மேகத்துக்குப் பின்னால் ஒளியும் நிலா, விழும் நட்சத்திரம் என்றுதான் போகும். தன் அழுகையைப் பத்தியின் கடைசி வரிக்கு ஒத்திவைப்பார், பிரிந்தவள் எங்கே இருப்பாளோ என்ற நினைப்போ நான்காவது பத்தியில்தான் எட்டிப் பார்க்கும். இதை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள்: பொருள் முதலில், நீங்கள் பிறகு, அந்த ஆள் கடைசியில். அவர் பாடும் அந்தப் பறவை, விப்பூர்வில், நம் பக்கிக் குருவிக்குச் சொந்தம்தான், ஆகவே உங்கள் பாட்டில் பக்கியே கத்தட்டும்.

ராத்திரி ரயில் நம்மிடம் கிடையாது, மலை ரயில் பொழுதோடு அடங்கிவிடும். ஆனால் அதைவிட நல்ல சரக்கு ஒன்று இருக்கிறது. கன்ட்ரி இசையின் முதல் பெரிய நட்சத்திரமான ஜிம்மி ராட்ஜர்ஸ், 1927-இல் பாட்டுப் பதிவுக்கு வருவதற்கு முன் ரயிலில் பிரேக் போடும் பிரேக்மேனாக இருந்தவர், காசநோயோடு பாடிக்கொண்டே 1933-இல் 35 வயதில் இறந்துபோனார். நம் ரயிலிலும் கல்லாறிலிருந்து பல்சக்கரத் தண்டவாளத்தில் ஏறும்போது பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் வெளியே நிற்பார். பெட்டி நிறைய ஜனம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் கொடியோடு மழைச்சாரலில். இதற்கு மேல் என்ன வேண்டும், ஒரு பத்தி தானாக வந்துவிடும்.

கிதாரில் கார்டு (chord, சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு) மூன்று போதும்: ஜி, சி, டி. தாளம் ஒன்று-இரண்டு-மூன்று, நம் கணக்கில் திஸ்ரம். ஒன்றுக்குத் தடித்த கம்பி, மற்ற இரண்டுக்கும் மெதுவாகக் கீழ்நோக்கி ஒரு தடவல். ஸ்டீல் கிதாரின் அந்த விம்மல் வேண்டுமென்றால் விரலில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை மாட்டிக் கம்பிமேல் இழுத்துப் பாருங்கள், முதலில் பூனை கத்துகிற மாதிரி இருக்கும்.

குரல் உடைகிற இடத்தைச் சரிசெய்யாதீர்கள். கடைசிப் பத்திக்கு மட்டும் யாரையாவது கூப்பிட்டு மேல் சுருதியில் கூடப் பாடச் சொல்லுங்கள், ஆள் கிடைக்காவிட்டால் போனில் உங்கள் குரலையே பதிந்து ஓடவிட்டு அதன்மேல் பாடலாம், ஆனால் அது கொஞ்சம் கொடுமைதான்.

முடித்ததும் கம்பியைக் காய்ந்த துணியால் துடைத்து வையுங்கள். இந்த ஊர் ஈரத்துக்குச் சீக்கிரம் துருவேறிவிடும்.